யானைக்கும் அடி சறுக்கும்

(ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நாளன்று எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு இடையிலும் எனக்கு முன்பே வந்து அமர்ந்துவிட்ட பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னிடம் இல்லாத பெருமைகளையும் சேர்த்துச் சொன்ன செயலாளர் தம்பி அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த ஆண்டு அந்தக் காசில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிவிடுங்கள் என்று போன ஆண்டும் சொன்னேன். இந்த ஆண்டும் சொல்லி வைக்கிறேன்.

அழைப்பிதழில் ‘அணு ஆயுதம்: வரலாறு, அறிவியல், விளைவுகள்’ என்று மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். மூன்றையும் தொடுகிறேன். முதலில் அறிவியல்.

யுரேனியம் 235 அணுவின் கருவை நியூட்ரான் என்ற நுண்துகள் ஒன்று தாக்கினால் அந்தக் கரு பிளக்கிறது. பிளக்கும்போது ஆற்றலும் வருகிறது, இன்னும் இரண்டு மூன்று நியூட்ரான்களும் வருகின்றன. அவை அடுத்த கருக்களைப் பிளக்கின்றன. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவில் வெடித்த குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்கே ஒரு நகரம் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். ஹைட்ரஜன் குண்டு இதற்கும் ஒரு படி மேலே. அணுக்கருப் பிளவின் வெப்பத்தைக் கொண்டு லேசான அணுக்கருக்களை ஒன்றோடொன்று இணைய வைப்பது.

இங்கேதான் என் பழமொழி வருகிறது. என்னைத் தெரிந்தவர்கள் சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகள், அதில் பிகினி என்ற பவளத்தீவு. அமெரிக்கா ‘காசில் பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதிக்கிறது. 5, 6 மெகாடன் அளவில் வெடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு மெகாடன் என்றால் பத்து லட்சம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் சக்தி. வெடித்தது 15 மெகாடன். ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு! காரணம் என்ன? குண்டில் எரிபொருளாக இருந்த லித்தியம் என்ற உலோகத்தில் இரண்டு வகை. லித்தியம் 6 வேலை செய்யும், லித்தியம் 7 சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். அது சும்மா கிடக்கவில்லை, அதுவும் வெடிப்பில் சேர்ந்துகொண்டது. உலகத்தின் தலைசிறந்த மூளைகள் போட்ட கணக்கு அது, ஐயா.

அந்த நேரத்தில் பிகினிக்குக் கிழக்கே, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே, ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. யாய்சு துறைமுகத்துப் படகு, பெயர் ஐந்தாவது ஃபுகுர்யு மாரு. மொத்தம் 23 பேர். விடியவில்லை. மேற்கே வானம் பளீரென்று வெளுத்தது. சூரியன் மேற்கில் உதிக்குமா? நின்று பார்த்தார்கள். சில நிமிடங்கள் கழித்துத்தான் சத்தம் வந்து சேர்ந்தது. சரி, கிளம்பிவிடலாம் என்றால் கடலில் கிடக்கும் தூண்டில் கயிற்றை விட்டுவிட்டுப் போக முடியுமா? அது கிலோமீட்டர் கணக்கில் நீளம், முதலாளியின் பொருள். நம் ஊர் மீனவர் யாரும் விடமாட்டார். அவர்களும் விடவில்லை. மணிக்கணக்கில் இழுத்தார்கள்.

இழுத்துக்கொண்டிருக்கும்போதே வானத்திலிருந்து கோலமாவு போல வெள்ளைப் பொடி கொட்டியது. தலையில், கழுத்தில், கண்ணில். தளத்தில் நடந்தால் காலடித் தடம் பதிகிற அளவுக்கு. ஒருவர் நாக்கில் வைத்தும் பார்த்தார். அது பொடிப்பொடியான பவளப்பாறை, கதிர்வீச்சு ஏறிய பாறை. அன்று மாலைக்குள் குமட்டல், வாந்தி. அப்புறம் தோலில் கொப்புளம். அப்புறம் முடி கையோடு வந்தது. மார்ச் 14 அன்று கரை சேர்ந்தார்கள். பிடித்த மீன் சந்தைக்குப் போனது. கருவியை வைத்துப் பார்த்தால் மீனிலும் கதிர்வீச்சு! ஜப்பான் முழுக்கச் சூரை மீனைத் தொட ஆளில்லை. படகில் வானொலித் தொடர்பைக் கவனித்த குபோயாமா, 40 வயது, செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார்.

சறுக்கியது யானை, மிதிபட்டது அந்த 23 பேர். அவர்கள் மட்டுமா? பிகினிக்குக் கிழக்கே உள்ள ரொங்கலாப் தீவில் அதே பொடியில் குழந்தைகள் விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவர்களை வேறு தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1957இல் ‘பத்திரம்தான், போங்கள்’ என்று திருப்பி அனுப்பினார்கள். 1985இல் அந்த மக்கள் தாங்களாகவே ஊரைக் காலி செய்தார்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். அந்த 1954இல் டோக்கியோவில் சுகினாமி என்ற பகுதியில், ஹைட்ரஜன் குண்டு வேண்டாம் என்று பெண்கள் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். மீன்கடைக்காரர் வீட்டுப் பெண்கள், இல்லத்தரசிகள். வீடு வீடாகப் போனார்கள். அடுத்த ஆண்டுக்குள் நாடு முழுவதும் 3 கோடிக்கு மேல் கையெழுத்து! நம் நேருவும் 1954 ஏப்ரல் 2 அன்று மக்களவையில் எழுந்து, சோதனைகளையாவது நிறுத்தி வையுங்கள் என்றார். 1963இல் வானிலும் கடலிலும் அணுகுண்டுகளை வெடித்துச் சோதிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. கையெழுத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

2017 ஜூலையில் ஐ.நா.வில் 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை ஏற்றன. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இலங்கை 2023இல் சேர்ந்துவிட்டது. இந்தியா இன்னும் சேரவில்லை. ‘பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கும்போது நாம் எப்படி விடுவது’ என்று பேரூராட்சி அம்மாவே என்னைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கத்து வீட்டு யானைக்கும் அடி சறுக்கும், நம் வீட்டு யானைக்கும் சறுக்கும். 1983 செப்டம்பர் 26 அன்று சோவியத் எச்சரிக்கைக் கருவி, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகத் தவறாகக் காட்டியது. பெத்ரோவ் என்ற அதிகாரி அதை நம்பவில்லை, பிழைத்தோம். இது ஒரு பாதுகாப்பு ஏற்பாடா, சொல்லுங்கள்!

வரலாறு பாக்கி இருக்கிறது, தெரியும். தலைவர் ஐயா இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அமெரிக்கா முதல் அணுகுண்டைச் செய்த மன்ஹாட்டன் திட்டமும், இந்தியா அணுகுண்டைச் சோதித்த பொக்ரானும் அடுத்த கூட்டத்துக்கு. இந்தியா ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்று பிரதமருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், முழு முகவரி, பின்கோடு மூன்றும் எழுதி, பேனாவால் கையெழுத்துப் போடுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம். தேநீர் அதற்கு அடுத்த மேசையில்.