வேன் ரேடியோவில் கேட்ட குரல்: பிளாக்பூல் ஜிம்மி ஆர்ம்ஃபீல்ட்

வணக்கம். காற்றுச் சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் இங்கிருந்து நடக்கிற தூரம். இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோர ஊரான பிளாக்பூலில் காற்று அடிக்காத நாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை, 3 மணிக்கு மேட்ச். நான் நிற்பது பிளாக்பூல் கால்பந்து கிளப்பின் புளூம்ஃபீல்ட் ரோடு மைதானத்துக்கு வெளியே. கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குகிறேன்... ம், இப்போது தெரிகிறதா? இந்த வெண்கலச் சிலைதான் ஜிம்மி ஆர்ம்ஃபீல்ட், இந்தக் கிளப்பின் பழைய ஆட்டக்காரர், பிறகு ரேடியோ வர்ணனையாளர். 2011-இல் வைத்தார்கள். தெற்குப் பக்கத்து கேலரிக்கும் அவர் பெயர்தான்.

அவர் விளையாடி ஒரு மேட்ச் கூட நான் பார்த்ததில்லை. 1971-லேயே ஓய்வு பெற்றுவிட்டார், நான் அப்போது பிறக்கவே இல்லை. எனக்கு அவர் வெறும் குரல்தான். 2004-இல் பிரெஸ்டனுக்குப் படிக்க வந்தபோது, சனிக்கிழமைகளில் ஒரு டெலிவரி வேனில் சாமான் இறக்கப் போவேன். வேன் ஓட்டியவர் பிளாக்பூல்காரர், ஐம்பது வயதிருக்கும். வேன் ரேடியோவின் முள் 909 மீடியம் வேவை விட்டு நகராது. அது பிபிசி ரேடியோ 5 லைவ், சனிக்கிழமைகளில் கால்பந்து கமெண்ட்ரி வரும் நிலையம்.

இங்கே ரேடியோ ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை டிவியில் கால்பந்தை நேரலையாகக் காட்டக் கூடாது. பெரிய அணிகளின் ஆட்டத்தைக் காட்டினால் சின்ன ஊர் மைதானங்கள் காலியாகிவிடும் என்பதற்காக 1960-களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. ஆகவே மைதானத்துக்குப் போகாதவனுக்கு ரேடியோதான் கதி. எங்களைப் போல வேனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேறு வழியே இல்லை.

கமெண்ட்ரிக்கு இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் பந்து யாரிடம் இருக்கிறது, எங்கே போகிறது என்று மூச்சுவிடாமல் சொல்பவர். இன்னொருவர், அவர் நிறுத்தும்போது ஏன் அப்படி நடந்தது என்று சொல்பவர். ஜிம்மி இந்த இரண்டாவது ஆள். கோல் விழுந்ததும் முதல் ஆள் தொண்டை கிழியக் கத்துவார், கூட்டம் இரைச்சல் போடும், எல்லாம் அடங்கட்டும் என்று ஜிம்மி காத்திருப்பார். அப்புறம் அந்த லங்காஷயர் உச்சரிப்பில், பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு மேல் பேசுகிற மாதிரி, நிதானமாக ஆரம்பிப்பார். பந்தைப் பற்றிப் பேசவே மாட்டார். கோல் விழுவதற்கு முந்தி ஒரு தடுப்பாட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார், யார் யாரைக் கவனிக்காமல் விட்டார் என்று சொல்வார். பத்து நொடி போதும் அவருக்கு. கண்ணால் பார்க்காத கோல் அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரியும்.

வேன்காரர் எப்போதும் சிப்ஸ் தின்றுகொண்டே ஓட்டுவார். ஜிம்மி குரல் வந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். சத்தம் கூட்ட மாட்டார், வாயை மட்டும் நிறுத்துவார். அவர் முடித்ததும் மறுபடி மொறுமொறு. முதல் மாதம் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் நானும் நிறுத்த ஆரம்பித்துவிட்டேன்.

யார் இவர் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். வேனை ஓரம் கட்டாத குறைதான்.

ஜிம்மி பிறந்தது 1935-இல், மான்செஸ்டர் பக்கத்து டென்டனில். போர்க்காலத்தில் சிறுவனாகப் பிளாக்பூல் வந்தவர், அதன் பிறகு இது அவர் ஊர். 1954 டிசம்பரில் முதல் ஆட்டம், 1971 மே 1-இல் கடைசி ஆட்டம். இடையில் 627 ஆட்டங்கள், எல்லாம் இந்த ஒரே ஆரஞ்சுச் சட்டையில். கடைசி ஆட்டம் இதே மைதானத்தில், மான்செஸ்டர் யுனைடெட்டோடு. வேன்காரர் அன்றைக்குப் பதினாறு, பதினேழு வயதுப் பையனாகக் கேலரியில் நின்றிருக்கிறார். அந்த சீசனோடு பிளாக்பூல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியும் விட்டது. ஒரே சீசனில் இரண்டு துக்கம் என்பார்.

ஜிம்மி ஆடிய இடம் ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். அந்தக் காலத்தில் ரைட் பேக் என்றால் பின்னால் நின்று தடுப்பதோடு சரி, பாதிக் கோட்டைத் தாண்டினால் திட்டு விழும். ஜிம்மி முன்னால் ஓடினார். அவருக்கு முன்னே வலது ஓரத்தில் ஆடியவர் யார் தெரியுமா? ஸ்டான்லி மேத்யூஸ், அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம். அவரைத் தாண்டி வெளிப்பக்கமாக ஓட எவ்வளவு தைரியம் வேண்டும்! இன்றைக்கு ஓவர்லேப் என்று எல்லா அணிகளும் செய்வதை அன்றைக்கே செய்தவர். 1962 சிலி உலகக் கோப்பை முடிந்தபோது உலகத்திலேயே சிறந்த ரைட் பேக் என்று அவரைச் சொன்னார்கள்.

1964-இல் இடுப்புப் பக்கம் காயம். இங்கிலாந்து அணியில் ஜார்ஜ் கோஹன் அந்த இடத்துக்கு வந்தார், இடம் போய்விட்டது. 1966 உலகக் கோப்பை அணியில் பெயர் இருந்தது, ஆனால் ஓர் ஆட்டம் கூட இல்லை. இங்கிலாந்து கோப்பையை வென்றது. 15 முறை இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியவர் அன்றைக்கு வெளியே இருந்தார். இறுதிப் போட்டியில் ஆடிய 11 பேருக்குத்தான் அப்போது பதக்கம். மற்றவர்களுக்கு 2009-இல்தான், பிரதமர் வீட்டில் வைத்துக் கொடுத்தார்கள். 43 வருடம் கழித்து. இங்கிலாந்துக்கு அவர் ஆடிய ஆட்டங்களும் 43. வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பயிற்சியாளராக இருந்த கதை பெரிது, சுருக்கமாகச் சொல்கிறேன். பிரையன் கிளஃப் என்ற பயிற்சியாளர் 44 நாளில் வெளியேறிய லீட்ஸ் கிளப்பை ஏற்று, 1975-இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிவரை கொண்டுபோனார். பாரிஸில் பயர்ன் மியூனிக்கிடம் 2-0 தோல்வி. லீட்ஸின் லோரிமர் போட்ட கோல் ஆஃப்சைட் என்று போனது, லீட்ஸ்காரர்கள் இன்னும் அதை விடவில்லை. ரசிகர்கள் செய்த கலாட்டாவுக்கு, ஐரோப்பியப் போட்டிகளில் ஆட லீட்ஸுக்கு நாலு வருடத் தடை வந்தது. ஜிம்மி போய் வாதாடி இரண்டாகக் குறைத்தார்.

அப்புறம் பத்திரிகை, ரேடியோ. ரேடியோவில் மட்டும் 30 வருடத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். 2007-இல் தொண்டையில் புற்றுநோய். பேசிப் பிழைப்பவருக்குத் தொண்டையிலேயே! கொஞ்ச நாள் அந்தக் குரல் ரேடியோவில் வரவில்லை. திரும்ப வந்த அன்றைக்கு வேன்காரர் எனக்குப் போன் செய்து, ரேடியோவைப் போடு என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

2018 ஜனவரி 22-இல் இறந்தார், 82 வயது. அப்போது கிளப் உரிமையாளர்கள் மேலிருந்த கோபத்தில் பெரும்பாலான ரசிகர்கள் மைதானத்துக்குள் காலே வைப்பதில்லை. ஆனால் சிலை வெளியேதானே இருக்கிறது. இதோ இந்த இடம் முழுக்க ஆரஞ்சு ஸ்கார்ஃபும் பூவுமாகக் கிடந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். வேன்காரர் ஒன்றும் பேசவில்லை. தன் ஸ்கார்ஃபை அவிழ்த்தார், வைக்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே சுருட்டிக்கொண்டிருந்தார், வைத்துவிட்டார். ஜனவரிக் குளிரில் கழுத்து மூடாமல் கார் வரைக்கும் நடந்தார். 2019 மார்ச்சில் புறக்கணிப்பு முடிந்து எல்லோரும் உள்ளே போனபோது புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

சரி, நேரமாகிவிட்டது. தெற்குக் கேலரியில்தான் டிக்கெட். உள்ளே கேமரா போடப் போவதில்லை. அதோ வருகிறார் நம் ஆள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கையில் சிப்ஸ் பாக்கெட், பார்த்தீர்களா.