பலாப்பெட்டியின் மூலைகள்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். பல ஆண்டுகள் மரவேலை கற்பித்த ஆசிரியன் என்ற முறையில், ஆணி அடித்துக் கெடுக்கப்பட்டு வரும் நம் வீட்டுப் பழைய மரப்பெட்டிகளைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இலங்கை மலைநாட்டில் இத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் பலாமரத்தால் ஆனவை. வசதி படைத்தோர் முதிரையிலும் கருங்காலியிலும் செய்வித்தார்கள். புதிதாகச் சீவிய பலாப்பலகை மஞ்சள் நிறமாக இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு நாளடைவில் செம்பழுப்பாக மாறும். அதன் நடுக்கட்டையான வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டுவதில்லை.

ஆயினும் வைரம் பாய்ந்த மரமும் அசைவற்றதன்று. வெட்டி அறுத்த பின்னரும் பலகை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், உலர்ந்தால் சுருங்கும். இந்த மாற்றம் நார் ஓடும் நீளவாக்கில் அநேகமாக இல்லை, அகலவாக்கிலேயே நிகழ்கிறது. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் தென்மேல் பருவமழையில் உப்பிய பலகை, தை மாசி வெயிலில் இறுகிச் சிறுக்கும். பழைய தச்சர்கள் இதை நன்கு அறிந்தே பெட்டி செய்தார்கள்.

நான்கு பக்கப் பலகைகளிலும் நார் கிடையாக ஓடும்படி வைத்து, மூலைகளைப் புறாவால் மூட்டினால் கோத்தார்கள். ஒரு பலகையின் முனையில் புறாவின் விரிந்த வாலைப் போல நுனி அகன்ற பற்களையும், அடுத்த பலகையில் அவை வந்து அமரும் வாய்களையும் உளியால் செதுக்கிப் பொருத்துவது இம்மூட்டு. அப்படிக் கோத்த பெட்டியில் நான்கு பக்கங்களும் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழ்வதால், மூலைக்கு எந்த நோவும் இல்லை. அடிப்பலகையை மட்டும் பசையிடாமல் காடி எனப்படும் நீண்ட பள்ளத்துக்குள் செருகி, அது தன் விருப்பப்படி விரிய இடம் விட்டார்கள். எனக்கு வியப்பளிப்பது இந்த விட்டுக்கொடுத்தல்தான்.

கம்பளைக்கு அருகிலுள்ள எம்பக்க தேவாலயத்துக்குச் செல்பவர்கள் தூண்களின் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து கூரையையும் அண்ணாந்து பாருங்கள். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோவிலில், 26 கைமரங்களின் முனைகளை ஒரே ஒரு பெரிய மரமுளை பிணைத்து நிற்கிறது.

என் அப்பாயியின் பெட்டியில் மூடியின் அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்கள் காடியில் செருகப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று தளர்ந்தபோது, பழுதுபார்க்க வந்தவர் ஆறு இரும்பாணிகளை அடித்து இறுக்கிவிட்டுப் போனார். அடுத்த வெயிற்காலத்தில் சுருங்க வழியில்லாத மூடி நீளவாக்கில் பிளந்தது. ஆணிகள் துருப்பிடித்துப் பருக்க, அவற்றைச் சுற்றி மரம் கறுத்தது. பிளவைக் கையால் தடவிப் பார்த்த அப்பாயி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஆகவே உங்கள் வீட்டுப் பெட்டியின் மூலை ஆடினால் சுத்தியலை எடுக்க வேண்டாம். பழைய மூட்டுகளில் இட்ட, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப்பசை வெந்நீர்ச் சூட்டில் இளகும். மெல்லத் தட்டினால் பலகைகள் வந்த வழியே கழன்று வரும். சுத்தம் செய்து மீண்டும் வச்சிரம் இட்டுக் கோக்கலாம். குறுக்குச் சட்டத்துக்கு நடுவில் மட்டும் பசை இட்டால் போதும். பலாமரம் வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால், கெட்டுப்போன பலகைக்கு ஈடாக இன்னொன்று தேடுவதும் எளிதன்று.

அப்பாயியின் மூடியிலிருந்த ஆறு ஆணிகளையும் பின்னர் நானே கழற்றினேன். பிளவில் விரலகலப் பலாக்கீற்று ஒன்றை வைத்து, சட்டங்களை மறுபடியும் காடியில் செருகினேன். வைத்த நாளில் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிந்த அந்தக் கீற்று, இப்போது சுற்றியுள்ள பழுப்போடு ஏறத்தாழச் சேர்ந்துவிட்டது. வணக்கம்.