இது வெறும் புகை இருமல்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

"அது சுருட்டு இருமல், பிள்ளை. முப்பது வருசமா இருக்குது." மார்பு நோய் கிளினிக்கில் தாதியாக வேலை செய்த காலத்தில் இந்தப் பேச்சை நான் கேட்காத கிழமையே இல்லை. ஆண்கள் சுருட்டைச் சொல்வார்கள், சிகரெட்டைச் சொல்வார்கள். பெண்கள் அடுப்பைச் சொல்வார்கள். "ஊமல் எரிச்சா இருமாம என்ன செய்யிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். இருமலுக்கு எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. அந்தக் காரணம் பொய்யும் இல்லை. புகை குடிப்பவர்களும் புகையில் சமைப்பவர்களும் இருமத்தான் செய்வார்கள். ஆனால் அந்த இருமலுக்குள் காசநோய் ஒளிந்திருந்தால் யாருக்குத் தெரியும்? இதைப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் ஆச்சிமார் சயரோகம் என்று சொன்ன வருத்தம் இதுதான். ரொபேர்ட் கொக் என்ற ஜேர்மன் மருத்துவர் 1882 மார்ச் 24 அன்று இதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்த நாளைத்தான் உலக காசநோய் தினமாக வைத்திருக்கிறார்கள். நுரையீரலில் நோய் உள்ள ஒருவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அதை மூச்சோடு இழுக்கிறார். உலகத்தில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம், தொற்றிய எல்லோருக்கும் வருத்தம் வருவதில்லை. நூறு பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறுகிறது. மற்றவர்களில் உடம்பு அதை அடக்கி வைத்துவிடும்.

அந்தக் காவலைக் குலைக்கிற காரணங்கள் பல. சாப்பாடு போதாமை ஒன்று. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட நீரிழிவு இன்னொன்று. மற்றது புகையிலை. எங்கள் மூச்சுக் குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிக்கொண்டிருப்பதுதான் அவற்றின் வேலை. தொடர்ந்து புகைப்பவருக்கு அந்த மயிர்கள் சோர்ந்துவிடுகின்றன, பல இடங்களில் அழிந்தும் போகின்றன. அதையும் தாண்டி நுரையீரலின் சிற்றறைகளுக்குள் காவல் கலங்கள் இருக்கின்றன. கிருமியைப் பிடித்து விழுங்குபவை அவைதான். புகை அவற்றையும் பலவீனமாக்குகிறது. புகைப்பவருக்குக் காசநோய் வரும் ஆபத்து, புகைக்காதவரைவிட 2 முதல் 2.5 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகிச்சை எடுக்கும்போதும் புகைத்துக்கொண்டிருப்பவருக்கு நோய் திரும்ப வரும் ஆபத்தும் கூடுதல், இறந்து போகும் ஆபத்தும் கூடுதல்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். புகையிலை எங்களுக்கு வெளியார் சாமான் இல்லை. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலத்தில் கடல் தாண்டித் திருவிதாங்கூர் வரைக்கும் போனது. தெற்கே சிங்கள ஊர்களில் எங்கள் ஆட்கள் சுருட்டுக்கடை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். என் அப்புவும் புகையிலைத் தோட்டக்காரர். இலையை வெட்டி, கட்டித் தொங்கவிட்டு, குடிலுக்குள் பொச்சுமட்டையை மூட்டிப் புகை போடுவார். சின்ன வயதில் நான் அந்தக் குடில் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். கண் எரியும், மூச்சு முட்டும். அவர் உள்ளே போய் நெருப்பைச் சரிபார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு சுருட்டைப் பற்ற வைப்பார். அந்தத் தோட்டத்தால்தான் நான் படித்தேன். அதனால் தோட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பெண்களுக்குக் குடில் என்றால் அது குசினிதான். விறகு, காவோலை, சிரட்டை, பொச்சுமட்டை என்று கிடைத்ததை எல்லாம் எரித்தார்கள். பழைய வீடுகளில் குசினி தனியாக இருந்தது, கூரைக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி இருந்தது, புகை தன்பாட்டில் வெளியேறியது. இடப்பெயர்வுக்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் தகரத்தால் அடைத்த ஒற்றை அறைக்குள் சமைத்து, அங்கேயே படுத்தும் எழும்பின! 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தில் இருந்து சனம் தென்மராட்சிக்குப் போனபோது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எத்தனை குடும்பம் இருந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். காசநோய்க் கிருமிக்கு அப்படியான நெருக்கம் வேண்டும், காற்றோட்டமில்லாத இடம் வேண்டும். அப்புறம் 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்துப்போய், காஸ் அடுப்பை மூலையில் தள்ளிவிட்டு விறகுக்குத் திரும்பியவர்களும் எங்களில் பலர்.

சிகரெட்டுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியானது. விறகுப் புகைக்கும் காசநோய்க்கும் தொடர்பு உண்டென்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா ஆய்வும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புகை குழந்தைகளுக்கு நியூமோனியாவையும் பெரியவர்களுக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பையும் கொண்டுவரும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆகவே அடுப்புக்குப் புகைக்கூடு வையுங்கள். விறகைக் காய வைத்து எரியுங்கள். அடுப்படியில் கைக்குழந்தையை மடியில் வைத்திருக்காதீர்கள். முற்றத்துக் குப்பையைப் பின்னேரத்தில் பிளாஸ்ரிக்கோடு சேர்த்துக் கொளுத்துவதை விட்டுவிடுங்கள். எங்கள் தோட்டக்காரருக்குக் குழை தாட்டுப் பசளையாக்கத் தெரியும், முற்றத்துச் சருகையும் அப்படித் தாட்டுவிடலாம். 2022 டிசம்பரில் நாட்டின் மேல் புகைமூட்டம் வந்து ஒரு நாள் பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, ஞாபகம் இருக்கும். அன்றைக்கு எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பயந்தோம். குசினிக்குள் நாளாந்தம் அப்படியான புகையை இழுக்கிறவர்களை நாங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வலிகாமம் பக்கம், அறுபது வயது கடந்தவர். சுருட்டைத் தொட்டதே இல்லை. நாலு மாதம் இருமியிருக்கிறார். கடையில் பாணி மருந்து வாங்கிக் குடித்தார், கொத்தமல்லி அவித்துக் குடித்தார். பின்னேரம் உடம்பு சுடும், இரவில் வியர்க்கும், சட்டை தொளதொளத்துப் போனது. வீட்டில் எல்லோரும் "அம்மா, அது அடுப்புப் புகை" என்றார்கள். சளியில் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். சளியைப் பரிசோதித்தோம், கிருமி இருந்தது. அந்த நாலு மாதமும் அவரோடு ஒரே பாயில் படுத்த பேத்திக்கும் தொற்றியிருந்தது. பிள்ளைக்கு நோயாக மாற முன்பே தடுப்பு மருந்து தொடங்கினோம். அந்த அம்மா அழுதது தன்னுடைய வருத்தத்துக்கு இல்லை. பேத்தியைத் தான் கட்டிப்பிடித்துப் படுத்ததை நினைத்து அழுதார். எனக்கு இப்போதும் அந்த முகம் மறக்கவில்லை.

ஆகவே ஒரே ஒரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு கிழமை. இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் காரணம் என்னவென்று வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். சுருட்டுக்காரரும் வரவேண்டும், அடுப்புக்காரியும் வரவேண்டும். பழைய இருமல்தான் என்றாலும், அது மாறியிருந்தால், கூடியிருந்தால், மெலிவும் பின்னேரக் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் உடனே வாருங்கள். சோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம்.

சாதாரணக் காசநோய்க்கு மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு வகை மருந்து, பிறகு நாலு மாதம் இரண்டு வகை. அதில் ஒரு மருந்து சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். இரத்தம் என்று பயந்து நிறுத்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். நிறுத்தவேண்டாம். இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும், அப்போதும் நிறுத்தவேண்டாம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். இன்னொன்று. நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பேணி கொடுத்து ஒதுக்கி வைப்பது எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கோப்பையால் இது தொற்றாது. மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், வெளியில் தெரிய வேண்டாம் என்று மருந்துக்கே வராத வீடும் உண்டு. அந்த வீட்டில் இருமல் நிற்காது, மகளுக்கும் தொற்றலாம்.

கடைசியாக, சளி கொண்டுவரும் முறை. கிளினிக்கில் ஒரு சின்னப் போத்தல் தருவார்கள். காலையில் எழும்பியதும் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். முற்றத்துக்கு வாருங்கள், பக்கத்தில் ஒருவரும் நிற்கவேண்டாம். இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சை இழுத்து, நெஞ்சின் அடியில் இருந்து இருமித் துப்புங்கள். எச்சில் போதாது, சளி வேண்டும். மூடியை இறுக்கித் திருகி, அன்றைக்கே கொண்டுவந்து கொடுங்கள்.