சக்கரம் வச்ச சிம்மாசனம்

எல்லாருக்கும் வணக்கம். பைபிள்ல எசேக்கியேல் புஸ்தகம் முதல் அதிகாரத்துல அந்தத் தீர்க்கதரிசி பாத்த தரிசனத்தப் பத்தி, அதான் நாலு ஜீவன்களும் சக்கரங்களும் சேந்து கடவுளோட சிம்மாசனம் ரதம் மாதிரி வர்ற தரிசனம், அதப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, நானும் பெரிய ஆளு மாதிரி சரின்னு சொல்லிட்டேன், வீட்டுக்குப் போய் உக்காந்தப்புறம்தான் வயித்த கலக்குச்சு. ஏன்னா யூதர்களோட பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவுல ஒரு விதியே இருக்கு, இந்த ரத தரிசனத்த ஒரே ஒரு ஆளுக்குக்கூட விளக்கக்கூடாதாம், கேக்குறவன் தானாவே புரிஞ்சுக்கிற ஞானியா இருந்தா மட்டும் பரவாயில்லையாம். நான் மைக் முன்னாடி உக்காந்து எத்தனை பேருக்குன்னே தெரியாம சொல்லப்போறேன்.

மிஷ்னாவுக்கு யூத ஞானிகள் எழுதுன பெரிய விளக்கத் தொகுப்பு தல்மூத், அதுல ஒரு கதையும் வருது. வாத்தியார் வீட்ல ஒரு பையன் எசேக்கியேல் வாசிச்சிட்டிருந்தானாம், அதுல ஹஷ்மல்னு ஒரு வார்த்தை வரும், அதுக்கு என்ன அர்த்தம்னு அவனுக்குப் புரிஞ்சிருச்சாம், உடனே அந்த வார்த்தைக்குள்ள இருந்து நெருப்பு கிளம்பி பையன எரிச்சிருச்சாம். நம்ம தமிழ் வேதாகமத்துல அந்த எடத்துல "சொகுசாவின் நிறம்"னு போட்டிருக்கும். சொகுசான்னா என்னன்னு நான் எத்தனையோ பேர்கிட்ட கேட்டிருக்கேன், சபையில முப்பது வருஷமா வேதம் வாசிக்கிற பெரியவங்ககிட்டயும் கேட்டிருக்கேன், ஒருத்தரும் சொன்னதில்ல. அதனால நாம எல்லாரும் பத்திரமா இருக்கோம், தீ புடிக்கல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல அதுக்கு எலெக்ட்ரான்னு இருக்கு, மஞ்சளா மின்னுற ஒரு பொருள், தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகத்துக்கும் அதே பேருதான். இன்னைக்கி இஸ்ரேல்ல ஹஷ்மல்னா கரண்ட்டு. கரண்ட் பில்லு வந்துச்சான்னு கேக்குறதுக்கு இந்த தரிசனத்தோட வார்த்தையத்தான் எடுக்குறாங்க.

நான் ஞாயிறு பள்ளியில கொஞ்ச காலம் கிளாஸ் எடுத்தேன். ஒரு தடவ பிள்ளைங்களுக்கு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச்சும் குடுத்து இந்த அதிகாரத்த வாசிச்சுக்கிட்டே வரையச் சொன்னேன். அந்த ஜீவன் ஒவ்வொண்ணுக்கும் நாலு முகம், மனுஷன் சிங்கம் எருது கழுகு, சரி. நாலு செட்டை, அதாவது றெக்கை, சரி. கன்னுக்குட்டியோட குளம்பு மாதிரி பாதம், சரி. சக்கரத்துக்குள்ள சக்கரம்னதும் பாதி பேரு பென்சில கீழ வச்சிட்டான். அந்தச் சக்கரத்தோட வளையம் பூரா கண்ணுன்னு வாசிச்சப்ப பின்னாடி இருந்து ஒரு வாண்டு, "சார், ரோட்ல ஓடுனா கண்ணுல தூசி விழாதா?"ன்னான். சிரிச்சு சமாளிச்சிட்டேன், பதில் சொல்லல.

அப்புறம் யோசிச்சா தப்பு என் பேர்ல. நான் நேரா சக்கரத்துல ஆரம்பிச்சிட்டேன், எசேக்கியேல் அப்படி ஆரம்பிக்கவே இல்ல. அவரு முதல்ல எழுதுறது தேதியும் ஊரும். முப்பதாம் வருஷம், நாலாம் மாசம், அஞ்சாந்தேதி, கேபார் நதிக்கரை. யூதா நாட்டு ராஜா யோயாக்கீன் சிறைப்பட்டுப் போன அஞ்சாம் வருஷம். நம்ம கணக்குல கி.மு. 593. கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம புடிச்சு ராஜாவையும் பெரிய மனுஷங்களையும் கைவேலைக்காரங்களையும் பாபிலோனுக்கு கூட்டிட்டுப் போனான் இல்லையா, அந்தக் கூட்டத்துல போனவருதான் இவரு. யோயாக்கீன் ராஜா பத்தி ஒரு விஷயம், பாபிலோன் அரண்மனைய தோண்டுனப்ப களிமண் பலகைங்க கிடைச்சுது, 1939ல அத வாசிச்சு வெளியிட்டாங்க, அதுல யூதாவோட ராஜாவுக்கும் அவரு பிள்ளைங்களுக்கும் இத்தன அளவு எண்ணெய்னு எழுதியிருக்கு. ராஜாவே ரேஷன் வாங்கித்தான் சாப்பிட்டிருக்காரு.

கேபார் நதின்னு நாம சொல்றது உண்மையில ஒரு பெரிய வாய்க்கால், நிப்பூர்ங்கற ஊர் பக்கம், இப்ப ஈராக்ல இருக்கு. எருசலேமுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்னா, பின்னால வந்த எஸ்றா பாபிலோன்ல இருந்து கிளம்பி எருசலேம் போய்ச் சேர நாலு மாசம் ஆச்சுன்னு அவரு புஸ்தகத்துலயே இருக்கு.

இப்ப அந்த முப்பதாம் வருஷத்துக்கு வாங்க. அது எதோட முப்பதுன்னு அவரு சொல்லல. அவரோட வயசுன்னு ரொம்ப பேரு சொல்றாங்க, நானும் அந்தக் கட்சிதான். ஏன்னா எசேக்கியேல் ஒரு ஆசாரியன், அதாவது எருசலேம் கோயில்ல பலி ஆராதனை நடத்துற குலம், பூசியோட மகன், பைபிள்ல எண்ணாகமம் நாலாம் அதிகாரத்துல, கோயில் கட்டுறதுக்கு முன்னாடி இருந்த ஆராதனைக் கூடாரத்து வேலைக்கு வர்ற வயசு முப்பதுன்னு இருக்கு. அப்படிப் பாத்தா சின்னப் பிள்ளையில இருந்து எதுக்கு வளத்தாங்களோ அந்த வேலையில சேர வேண்டிய வருஷம் அது, ஆனா கோயில் நாலு மாச நடைக்கு அந்தப் பக்கம் கெடக்கு, இவரு ஒரு வாய்க்கா கரையில சும்மா உக்காந்திருக்காரு. அப்போ வடக்க இருந்து ஒரு புயல்காத்து வருது.

இனிமே சக்கரத்தப் பாக்கலாம். ஒரு சக்கரத்துக்கு குறுக்க இன்னொரு சக்கரம் சொருகுன மாதிரி வச்சுக்கோங்க, அப்ப அது நாலு பக்கமும் போகும், திரும்பவே வேண்டியதில்ல. "திரும்பாமல்" போச்சுன்னு அவரு திரும்பத் திரும்ப சொல்றது இதத்தான். ஆட்டோவ ஒரு சந்துக்குள்ள விட்டுட்டு ரிவர்ஸ் எடுக்க படுற பாடு தெரியும்ல, அந்தப் பாடே இதுக்கு கிடையாது. இதெல்லாம் எங்கயிருந்து வந்துச்சுன்னு பாத்தா கோயில்ல இருந்துதான் வந்திருக்கு. சாலொமோன் கட்டுன ஆலயத்துல தண்ணித் தொட்டி வைக்க பத்து வெண்கல வண்டி இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் நாலு சக்கரம், பலகையில சிங்கம், எருது, கேருபீன்ங்கற செட்டை வச்ச தேவதூதர் உருவம் செதுக்கியிருக்கும். 1 இராஜாக்கள் ஏழாம் அதிகாரத்த எடுத்துப் பாருங்க. ஒரு ஆசாரியன் வீட்டுப் பையன் அத எத்தன தடவ கேட்டிருப்பான். இப்ப அந்த சாமானெல்லாம் உயிரோட எழுந்து அவன் இருக்கிற எடத்துக்கு வந்து நிக்குது.

இத வேற்றுகிரக விண்கலம்னு சொல்றவங்க இருக்காங்க, நாசாவுல வேலை பாத்த ஒரு என்ஜினியர் 1970கள்ல இதுக்குன்னு ஒரு புஸ்தகமே எழுதுனாரு. நானும் காலேஜ் படிக்கிறப்ப ஆர்வமா கேட்டிருக்கேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எசேக்கியேல் சக்கரத்துல இருந்து மேல ஏறிப் போகப் போக எவ்வளவு தயங்குறாருன்னு பாருங்க. சிங்காசனம்னு சொல்லல, சிங்காசனத்தின் சாயல்ங்கறாரு. அதுமேல மனுஷன்னு சொல்லல, மனுஷசாயல் போலங்கறாரு. கடைசியில "கர்த்தருடைய மகிமையின் சாயலுக்குரிய தரிசனம்"னு மூணு திரை போட்டு மூடிட்டு முகங்குப்புற விழுந்துர்றாரு. மெஷின பாத்தவன் நட்டு போல்டு எண்ணுவான், இந்த ஆளு "போல, போல"ன்னு சொல்லிட்டு விழுந்து கெடக்காரு.

இவருக்கு முன்னாடி இருந்த தீர்க்கதரிசி ஏசாயாவும் இதே மகிமைய பாத்தாரு, எருசலேம் ஆலயத்துலயே பாத்தாரு, ஆனா ரெண்டு மூணு வசனத்துல முடிச்சிட்டாரு. இவரு ஒரு அதிகாரம், இருபத்தெட்டு வசனம். ஏன்னு தல்மூத்ல ஒரு ரப்பி, அதாவது யூத குரு, சொல்றாரு, ஏசாயா ராஜாவ பாத்த டவுன்காரன் மாதிரி, எசேக்கியேல் ராஜாவ பாத்த கிராமத்தான் மாதிரின்னு. நம்ம ஊர் பாஷையில சொன்னா பட்டிக்காட்டான் முட்டாய்க்கடைய பாத்த மாதிரி. எனக்கு அதுல பாதிதான் சம்மதம். தெனமும் ராஜா இருக்கிற எடத்துல பாத்தா விவரிக்க வேண்டாம். அவரு வரவே முடியாதுன்னு நெனச்ச எடத்துல பாத்தா கால்ல இருந்து தலை வரைக்கும் சொல்லத்தான செய்வோம், இல்லன்னா ஊர்ல எவன் நம்புவான்?

வரவே முடியாதுன்னு ஏன் நெனச்சாங்க? இங்கதான் மகிமைங்கற வார்த்தைய கொஞ்சம் தட்டிப் பாக்கணும். நமக்கு மகிமைன்னா வெளிச்சம், பளபளப்பு, பாட்டுல வர்ற மாதிரி. எபிரேயத்துல காவோத், அதோட வேரு பாரம்ங்கற அர்த்தம். தாவீது ராஜாவோட மகன் அப்சலோமோட முடி பாரமா இருந்துச்சுன்னு சொல்ற எடத்துல இதே வேர்தான். கிழட்டு ஆசாரியன் ஏலி கனத்தவன், நாற்காலியில இருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிஞ்சு செத்தான்ல, அங்கயும் இதே வேர், அதே அதிகாரத்துல அவன் மருமக பிள்ளைக்கு இக்கபோத்னு பேரு வச்சு மகிமை போயிருச்சுன்னு சொல்றா. தமிழ்ல இது நமக்கு ரொம்ப சுலபமா புரியணும், ஏன்னா கனம்ங்கற வார்த்தை நம்மகிட்ட ரெண்டு வேலையும் செய்யுது. அரிசி மூட்டையும் கனம், கோர்ட்ல "கனம் நீதிபதி அவர்களே"ன்னா அதுவும் கனம். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக"ன்னு நாம மனப்பாடம் பண்ண கட்டளையில எபிரேயத்துல இருக்கிறதும் இதே வேர்தான்.

அப்ப யோசிங்க, அவ்வளவு கனமான ஒண்ணு. கல்லால கட்டுன கோயில்ல, உள்ளறையில, நூத்துக்கணக்கான வருஷமா எறங்கி உக்காந்திருக்குன்னு நம்புன ஒண்ணு. அத யாரு தூக்குறது? எருசலேம்ல மிச்சம் இருந்தவங்க சிறைப்பட்டுப் போனவங்களப் பாத்து, நீங்க கர்த்தர விட்டு தூரமா போயிட்டீங்க, தேசம் எங்களுக்குத்தான்னு பேசுனது பதினோராம் அதிகாரத்துல இருக்கு. அந்தக் கனத்துக்கு அடியில சக்கரம் இருக்குன்னு இந்த ஆளு பாத்துட்டாரு. பாத்துட்டு என்ன பண்ணாருன்னா, பாபிலோன் பக்கம் தேலாபீப்ங்கற ஊர்ல இருந்த சிறையிருப்புக்காரங்க நடுவுல போய் ஏழு நாள் பிரமை புடிச்சவரு மாதிரி உக்காந்திருந்தாரு. வேற என்ன பண்ண முடியும்.

சக்கரம் இருக்குன்னா வரவும் செய்யும், போகவும் செய்யும். அடுத்த வருஷம் அவரு அதையும் பாக்குறாரு, ஒரே நாள்ல விருட்டுன்னு கிளம்பல. முதல்ல மகிமை கேருபீன் மேல இருந்து எழும்பி ஆலயத்து வாசப்படிக்கு வருது, நிக்குது. அப்புறம் கிழக்கு வாசல்ல வந்து நிக்குது. அப்புறம் ஊருக்குக் கிழக்க இருக்கிற மலை மேல போய் நிக்குது. கல்யாணமாகிப் போற பொண்ணு படியில ஒரு தடவ, கேட்டுல ஒரு தடவ நின்னு திரும்பிப் பாக்குமே, எனக்கு அப்படித்தான் தோணும், வியாக்கியானக்காரங்க திட்டுனாலும் பரவாயில்ல. அதுக்கு அஞ்சாறு வருஷம் கழிச்சு பாபிலோன் படை ஆலயத்த எரிச்சப்ப அது ஏற்கெனவே காலி வீடு.

கி.மு. 573 வாக்குல, அவருக்கு அம்பது வயசு இருக்கும், திரும்பவும் ஒரு தரிசனம். கிழக்குல இருந்து மகிமை வருது, பெருவெள்ளம் இரைச்சல் மாதிரி சத்தம், பூமி பளிச்சுன்னு ஆகுது, கேபார் நதியண்டையில நான் பாத்த அதே மாதிரின்னு அவரே எழுதுறாரு. நான் நாப்பத்து மூணாம் அதிகாரத்த நாலஞ்சு தடவ விரல் வச்சு வாசிச்சுப் பாத்தேன். முகங்குப்புற விழுறது இருக்கு, ஆவி தூக்கிட்டுப் போறது இருக்கு, ஆலயம் நிறைஞ்சது இருக்கு. சக்கரத்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அடுத்த அதிகாரத்துல, அது உள்ள நுழைஞ்ச கிழக்கு வாசல இழுத்துப் பூட்டிட்டாங்க.