கழுத்து வலிக்கும் உயரத்தில் பெயர்கள்

வணக்கம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'இந்தியா கேட்' என்றதும் பலருக்கு மும்பைக் கடலோரமும் புறாக்களும்தான் ஞாபகம் வரும். அது கேட்வே ஆஃப் இந்தியா. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது. நான் பேச வந்தது தில்லியில் இருப்பதைப் பற்றி. போருக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்காக அதைக் கட்டினார்கள்.

வாசல் என்கிறோமே தவிர, அதற்குக் கதவும் இல்லை, மதிலும் இல்லை. நாலு பக்கமும் புல்வெளி. 1921 பிப்ரவரி 10 அன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கன்னாட் கோமகன் அடிக்கல் நாட்டினார். பத்து வருஷம் கழித்து, 1931 பிப்ரவரி 12 அன்று அப்போதைய வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்துவைத்தார். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். உயரம் 42 மீட்டர். பரத்பூரிலிருந்து வந்த சிவப்புக் கல்லில் தணிவான பீடம், அதன்மேல் படிப்படியாக உள்வாங்கி ஏறும் சுவர், உச்சிக்குக் கீழே கனமான ஒரு பிதுக்கம். நம் கோயில் பாஷையில் அதைக் கொடுங்கை என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஆழமில்லாத ஒரு கிண்ணம். நினைவு நாட்களில் அதில் எண்ணெய் ஊற்றி எரிக்கவேண்டும் என்பது லட்யன்ஸின் யோசனை. எரித்ததென்னவோ அபூர்வம். இவ்வளவு பெரிய கட்டடத்தில் எந்த மதத்தின் சின்னமும் இல்லை. இறந்தவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள், அதனால் இது அவர் செய்த நல்ல காரியம் என்பேன்.

சரி, பெயர்களுக்கு வருவோம். முதல் உலகப் போரில் உயிர்விட்ட இந்தியப் படையினர் 70,000-க்கும் மேல். இந்த வளைவில் செதுக்கியிருப்பது சுமார் 13,000 பெயர்கள். மற்றவர்கள் எங்கே? உச்சியில் இருக்கும் கல்வெட்டைக் கவனமாகப் படித்தால் பதில் கிடைக்கும். பிரான்சு, மெசபடோமியா (இன்றைய ஈராக்), கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கியில் உள்ள கலிப்போலி என்று ஊர்களை அடுக்கி, அங்கே விழுந்தவர்களுக்கு மொத்தமாக ஒரு வணக்கம் வைக்கிறது. அவர்களின் பெயர் இங்கே இல்லை. பெயர் பொறிக்கப்பட்டவர்கள் இந்தியாவிலும், வடமேற்கு எல்லையிலும், 1919-இல் நடந்த மூன்றாம் ஆப்கன் போரிலும் இறந்தவர்கள்.

பிரான்சில் காணாமல் போனவர்களுக்கு நவ் ஷபேலில் ஹெர்பர்ட் பேக்கர் ஒரு நினைவிடம் கட்டினார். அங்கே பெயர்கள் உண்டு. ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவிடத்திலோ இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் போட்டார்கள், சாதாரணச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர், அவ்வளவுதான். எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. நம்மூர்ப் பாதையோரத்தில் நடுகல் நட்டவன், ஆநிரை மீட்கப் போய்ச் செத்த ஒரே ஒரு ஆளுக்குக்கூடப் பெயரும் செய்கையும் வெட்டி, மயிற்பீலி சூட்டி, போகிற வருகிறவன் கண்ணில் படும்படி வைத்தான்.

தில்லி வளைவில் பெயர் இருக்கிறது, கண்ணுக்குத்தான் எட்டாது. ஒருமுறை போயிருந்தபோது தடுப்புக்கு வெளியே நின்று ஒரு பெயரையாவது முழுதாகப் படித்துவிடவேண்டும் என்று பார்த்தேன். வரிசைகள் மேலே மேலே போய், வெயிலில் கல்லோடு கல்லாக மங்கிவிடுகின்றன. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம், வெகுகாலம் காலியாக இருந்த ஒரு மண்டபம். வளைவுக்குப் பின்னால் 1936-இல் எழுந்தது, அதுவும் லட்யன்ஸ் வேலை. மாமல்லபுரத்து மண்டபம் ஒன்றைப் பார்த்துச் செய்தது என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அந்தச் சாயல் தெரியவில்லை. உள்ளே நின்ற ஐந்தாம் ஜார்ஜை 1968-இல் வடதில்லியில் உள்ள கரோனேஷன் பார்க்குக்கு அனுப்பினார்கள். அதன்பின் 54 வருஷம் காலி. 2022 செப்டம்பரில் நேதாஜி வந்தார், 28 அடிக் கருங்கல் சிலையாக. பிரிட்டிஷ் இந்தியப் படையை எதிர்த்துப் படை நடத்தியவர், மலேயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேரைத் தன் பின்னால் வரவைத்தவர். அவர் இன்று அதே பிரிட்டிஷ் இந்தியப் படைச் சிப்பாய்களின் பெயர் தாங்கிய வளைவுக்கு அருகில் நிற்கிறார். லட்யன்ஸ் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

1971 போருக்குப் பின், 1972 ஜனவரி 26 அன்று வளைவுக்கு அடியில் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. கருப்புப் பளிங்கு மேடை, தலைகீழாக நட்ட துப்பாக்கி, அதன்மேல் ஒரு தலைக்கவசம். 2006 வரை அந்தச் சுடர் சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே எரிவாயுவில்தான் எரிந்தது, பிறகுதான் குழாய் வந்தது. அரை நூற்றாண்டு எரிந்த சுடரை 2022 ஜனவரி 21 அன்று பக்கத்தில் உள்ள தேசியப் போர் நினைவிடத்துச் சுடரோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்தார்களா, அணைத்தார்களா என்று அன்றைக்குப் பெரிய சண்டையே நடந்தது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

எனக்குச் சொல்லவேண்டியது அந்தப் புதிய நினைவிடம் பற்றி. 2019-இல் திறந்தது. போட்டியில் வென்ற வடிவமைப்பு சென்னையைச் சேர்ந்த யோகேஷ் சந்திரஹாசனுடையது. அவர் வளைவோடு உயரத்தில் போட்டி போடவில்லை, தரைக்குக் கீழே இறங்கினார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், சக்கர வியூகம் மாதிரி. மூன்றாவது வட்டத்துச் சுவர்களில் கருங்கல் பலகைகள், ஒரு பலகைக்கு ஒரு வீரர். திறந்தபோது 25,942 பெயர்கள். 1947-க்குப் பிறகு நடந்த போர்கள் எல்லாம் அதில் உண்டு, இலங்கைக்குப் போன அமைதிப்படையும் உண்டு.

அங்கே கழுத்தை வளைக்கவேண்டியதில்லை. பலகைகள் நெஞ்சு உயரத்தில், முக உயரத்தில் இருக்கின்றன. நான் நின்ற இடத்தில் ஓர் இளைஞர் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, வெட்டிய எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினார், அப்புறம் மறுபடி நடந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், வெயில்தான் என்று நினைக்கிறேன்.

விளக்கை அணைக்கச் சொல்லுங்கள், இரண்டு இடங்களின் படங்களையும் காட்டுகிறேன்.