வட்டியை விடுங்கள், பிடித்தத்தைப் பாருங்கள் | எந்த பேங்கில் கணக்கு தொடங்கலாம்?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை, கும்பகோணத்தில் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் பேசுகிறேன், நடுவில் குக்கர் விசில் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள். விஷயம் என்னவென்றால், போன வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். சென்னையில் முதல் வேலை, அம்பத்தூரில் ரூம். "அண்ணா, எந்த பேங்க்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணட்டும், எஸ்பிஐயா, எச்டிஎஃப்சியா, ஐசிஐசிஐயா, இல்ல நம்ம இந்தியன் பேங்கே போதுமா?" என்று கேட்டான். நானும் எல்லாம் தெரிந்த ஆள் மாதிரி "எங்க வட்டி ஜாஸ்தின்னு பாருடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது, எவ்வளவு மொக்கையான பதில் அது. அதைத் திருத்தத்தான் இந்த வீடியோ, டேய், பார்த்துக்கொண்டிருந்தால் முழுசாகப் பார்.

வட்டிக் கதையை முதலிலேயே முடித்துவிடுவோம். சேமிப்புக் கணக்குக்கு எவ்வளவு வட்டி என்பதை அந்தந்த பேங்கே முடிவு செய்துகொள்ளலாம் என்று 2011 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. போட்டி போட்டுக்கொண்டு ஏற்றுவார்கள் என்று பார்த்தால், 2025 ஜூன் முடியும்போது எஸ்பிஐ, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ மூன்றுமே 2.5 சதவீதத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. சரி, 10,000 ரூபாயை வருஷம் முழுக்கத் தொடாமல் வைத்திருந்தால் என்ன கிடைக்கும்? 250 ரூபாய். பேங்குக்கு பேங்க் அரை சதவீதம் கூடினாலும் வருஷத்துக்கு 50 ரூபாய்தான் வித்தியாசம், நான்கு டீ, ஒரு வடை. அதைப் பார்த்து பேங்க் எடுப்பது வாழைப்பழம் வாங்கப் போய் கடைப் பையின் கலரைப் பார்க்கிற மாதிரி.

பார்க்க வேண்டியது இன்னொரு பக்கம் இருக்கிறது. இதோ, இது அம்மாவுடைய பாஸ்புக். கணக்கு எண்ணை விரலால் மறைத்திருக்கிறேன், ஜூம் பண்ணிப் பார்க்காதீர்கள். அரசு பேங்க், அப்பாவுடைய குடும்ப பென்ஷன் இதில்தான் வரும். இந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை ஏடிஎம் கார்டுக்கான பிடித்தம், அப்புறம் மே மாசக் கடைசியில் ஒரு 20 ரூபாய். "அது என்னடா இருபது ரூபா, யாருக்குப் போகுது?" என்று அம்மா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது பிரதமர் பெயரில் இருக்கிற விபத்துக் காப்பீடு, கணக்கு தொடங்கும்போது கொடுத்த பேப்பர் கட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், 2 லட்சம் வரை கவர். அந்த இருபது போகட்டும், நல்ல விஷயம்தான். இதே மாதிரி உங்கள் கணக்கில் 436 ரூபாய் போயிருந்தால் அது ஆயுள் காப்பீடு, அதுவும் 2 லட்சம். வேண்டுமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு பண்ணுங்கள், ஆனால் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? எத்தனை பேர் பாஸ்புக் அச்சடித்துப் பார்க்கிறோம்? எனக்கே இந்த வீடியோவுக்காகத்தான் அச்சடிக்கத் தோன்றியது.

இப்போது பெரிய பிடித்தத்துக்கு வருவோம், மினிமம் பேலன்ஸ். இதில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது, கணக்கில் எப்போதுமே 10,000 இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று. அப்படிக் கிடையாது. பல பேங்குகள் பார்ப்பது மாதச் சராசரி. தினமும் ராத்திரி கணக்கு முடியும்போது எவ்வளவு இருக்கிறதோ அதையெல்லாம் கூட்டி, மாசத்தின் நாட்களால் வகுப்பார்கள். 30 நாளும் 10,000 வைத்திருந்தாலும் கூட்டுத்தொகை 3 லட்சம், மூன்றே நாள் 1 லட்சம் வைத்துவிட்டு மீதி நாள் பூஜ்யமாக இருந்தாலும் அதே 3 லட்சம், இரண்டுக்கும் சராசரி 10,000தான். சம்பளம் ஒன்றாம் தேதி வந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகை, தவணை, மளிகை என்று கரைந்துவிடுகிற நம்மாட்களுக்குத்தான் இந்தச் சராசரி இடிக்கும், 25,000 வந்து நான்கு நாள் இருந்துவிட்டு 2,000க்கு இறங்கினால் சராசரி 5,000ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான், போட்டுப் பாருங்கள்.

நான் பட்டது இதில்தான். பேங்க் பெயர் வேண்டாம். பழைய கம்பெனியில் இருந்தபோது சம்பளக் கணக்கு, ஜீரோ பேலன்ஸ், கார்டு இலவசம், ஆபீசுக்கே வந்து டை கட்டிய தம்பி ஃபார்ம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார், ராஜ மரியாதை. வேலையை விட்டேன். சம்பளம் வருவது நின்று சில மாசத்தில் அது தானாகச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாறிவிட்டது, மினிமம் பேலன்ஸ் ஒட்டிக்கொண்டது. எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, லோன் வேண்டுமா லோன் வேண்டுமா என்று வருகிற நூறு எஸ்எம்எஸ்ஸில் அதுவும் ஒன்றாகப் போய்விட்டது. கிடந்த ஆயிரத்துச் சொச்சம் கரைந்தது. கிளைக்குப் போய்க் கேட்டால் "சார், சிஸ்டமே பிடிக்குது சார், எங்க கையில இல்ல" என்றார்கள். இந்த "சிஸ்டம்" இருக்கிறதே, அது மட்டும் யார் கண்ணிலும் படாது.

ஒரு விதி தெரிந்துகொள்ளுங்கள். 2015 ஏப்ரலிலிருந்து, எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு ஏற்றபடிதான் அபராதம் போட வேண்டும், முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், மினிமம் பேலன்ஸ் அபராதத்தால் மட்டும் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இதை ரிசர்வ் வங்கி எழுதியே வைத்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் அந்த ஏசி அறையில் இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார்ந்திருப்பேன்.

தனியார்தான் மோசம், அரசு பேங்க் நல்லது என்று சொல்ல வருகிறேன் என்று நினைக்காதீர்கள். 2017இல் எஸ்பிஐ மினிமம் பேலன்ஸைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டும் வாங்கிய அபராதம் 1,771 கோடி. அந்த வருஷம் ஜூலை முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கு வந்த லாபத்தைவிட அது அதிகம். கத்திக் கத்தி, 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் எடுத்துவிட்டார்கள். மற்ற அரசு பேங்குகள் மெதுவாக, மெதுவாக. கனரா 2025 ஜூனில், பஞ்சாப் நேஷனல், பேங்க் ஆஃப் பரோடா, நம்ம இந்தியன் பேங்க் மூன்றும் அடுத்த மாசம் ஜூலையில். அதே 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ என்ன செய்தது? பெருநகரங்களில் புதுக் கணக்குக்கு 10,000 இருந்ததை 50,000 என்று அறிவித்தது. ஊரே சிரித்தது, திட்டியது, இரண்டு வாரத்துக்குள் 15,000 என்று இறங்கி வந்தார்கள். ஆக, நம் சித்தி பையன் மாதிரி முதல் சம்பளக்காரன் வாடிக்கையாளராக வேண்டும் என்று யார் நினைக்கிறார்கள், யார் வேண்டாம் என்று நினைக்கிறார்கள் என்பதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அதில் எனக்குக் கோபம்கூட இல்லை, கடைக்காரர் தன் கடையில் எந்தச் சரக்கு வைப்பது என்பது அவர் இஷ்டம்.

ஆனால் ஒன்று மட்டும் வயிறு எரிந்தது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை முதல் தடவை 1,000 ரூபாய் விழுந்தது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் எதிர்வீட்டு அக்கா பணம் வந்த மெசேஜைக் காட்டிக் காட்டிச் சந்தோஷப்பட்டார். இரண்டு நாள் கழித்து எடுக்கப் போனால் பாதிதான் இருந்தது. பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கி. தமிழ்நாடு முழுக்க இது நடந்தது, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு பேங்குகளை எச்சரித்து அறிக்கையே விட வேண்டியதாயிற்று. அந்த அக்கா இன்றைக்கும் பணம் விழுந்த அன்றைக்கே ஏடிஎம்முக்கு ஓடுகிறார், கார்டு போட்டதும் முதலில் பேலன்ஸ் பார்ப்பார், அப்புறம் எடுப்பார்.

அங்கேயும் ஒரு கணக்கு இருக்கிறது. வேறு பேங்க் ஏடிஎம்மில் சென்னை மாதிரி பெருநகரத்தில் மாசம் 3 தடவைதான் இலவசம், கும்பகோணம் மாதிரி ஊரில் 5. பேலன்ஸ் பார்ப்பதும் அதில் ஒரு தடவையாகச் சேரும். தாண்டினால் 2025 மே முதல் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை, மேலே ஜிஎஸ்டி வேறு. தம்பி, அம்பத்தூரில் உன் ரூமிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எந்த பேங்க் ஏடிஎம் இருக்கிறது என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வா, அது வட்டியைவிட முக்கியம்.

கிளை விஷயமும் அப்படித்தான். இப்போது யார் பேங்குக்குப் போகிறார்கள் என்பீர்கள், எல்லாம் ஜிபேதானே என்பீர்கள். நகைக் கடன் வேண்டும் என்றால் போவீர்கள். கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகள், புதுப்பிக்கவில்லை என்று கணக்கை முடக்கினால் போவீர்கள். நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்க அம்மா போவார். அப்போது ஸ்டேட் பேங்க் நல்லதா எச்டிஎஃப்சி நல்லதா என்பதெல்லாம் இல்லை, அந்தக் கிளை எப்படி என்பதுதான். ஒரே பேங்கில் ஒரு கிளை தங்கம், அடுத்த தெருக் கிளை தகரம். என் யோசனை, கணக்கு தொடங்குவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குச் சும்மா போய்ப் பத்து நிமிஷம் நில்லுங்கள். பாஸ்புக் அச்சடிக்கிற மெஷினில் "பழுது" என்று பேப்பர் ஒட்டியிருக்கிறதா, அந்தப் பேப்பர் எவ்வளவு மஞ்சளாகிவிட்டது. சலான் நிரப்பத் தெரியாத பெரியவர் பேனாவோடு நின்றால் யாராவது எழுந்து வருகிறார்களா, இல்லை "அந்தக் கவுண்டர் போங்க" என்று கையைக் காட்டுகிறார்களா. எங்கள் அம்மா கிளையில் ஒரு மேடம் இருக்கிறார், "என்னம்மா, மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே எல்லாம் முடித்துக் கொடுப்பார். அவருக்கு டிரான்ஸ்ஃபர் ஆனால் எங்கள் வீட்டில் துக்கம் கொண்டாடுவோம்.

பணம் பத்திரமா என்று கேட்டால், எஸ்பிஐ, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ மூன்றையும் விழவே விடக் கூடாத அளவுக்கு முக்கியமானவை என்று ரிசர்வ் வங்கியே பட்டியல் போட்டிருக்கிறது. டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு, ஒரே பேங்கில் எத்தனை கிளையில் போட்டாலும் ஆளுக்கு மொத்தமாக 5 லட்சம்தான். தினசரிச் செலவுக் கணக்குக்கு இதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

எனக்குப் பயம் வேறு. நாளைக்கு எவனாவது ஒரு லிங்க் அனுப்பி, அவசரத்தில் அழுத்தி, யூபிஐ வழியாகப் பணம் போனால் எந்தக் கணக்கிலிருந்து போகும்? அதனால்தான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். சம்பளம், சேமிப்பு எல்லாம் அரசு பேங்க் கணக்கில், அதை ஜிபேயில் இணைக்கவே இல்லை. இன்னொரு பேங்கில் ஒரு சின்னக் கணக்கு, அதில் வாரத்துக்கு 3,000 போட்டு அதை மட்டும் போனில் வைத்திருக்கிறேன், காய்கறி, பெட்ரோல், டீ எல்லாம் அதிலிருந்துதான். ஒரு பேங்க் சர்வர் படுத்த அன்றைக்கு இன்னொன்று கை கொடுக்கும், பெட்ரோல் போட்டுவிட்டு "சர்வர் டவுன்" என்று அசடு வழிய நின்ற அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். ஆனால் மூன்றாவது, நான்காவது என்று சேர்க்காதீர்கள். இரண்டு வருஷம் நீங்கள் எதுவும் செய்யாமல் விட்டால் செயல்படாத கணக்கு ஆகிவிடும், அதைத் திரும்ப உயிர்ப்பிக்கக் காசு வாங்கக் கூடாது என்று 2024இலிருந்து விதி இருக்கிறது, ஆனால் அலைச்சலுக்கு விதி கிடையாது.

ஆங், ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் ஐந்து நாளுக்குள் திரும்ப வர வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். பேங்கிலேயே எழுதிக் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், செலவில்லை.

ஆக, தம்பி, உனக்கு என் பதில். ஆபீசில் சொல்கிற பேங்கில் சம்பளக் கணக்கைத் தொடங்கு, வேறு வழியில்லை. வேலை மாறுகிற அன்றைக்கே அதை மூடிவிடு, "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுத்தான் நான் ஏமாந்தேன். சொந்தக் கணக்கு மினிமம் பேலன்ஸ் இல்லாத அரசு பேங்கில், ரூமுக்குப் பக்கத்துக் கிளையில். ஆப் கொஞ்சம் இழுக்கும், லாகின் பண்ணும்போது நாலு தடவை ஓடிபி கேட்கும், பொறுத்துக்கொள். நாமினி போட மறக்காதே, 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம், சித்தி பெயரை முதலில் போடு.

அம்மா கணக்கில் நாமினியாக இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது. பாஸ்புக்கைப் புரட்டும்போதுதான் பார்த்தேன். நாளைக்குப் பத்து மணிக்கு இரண்டு பேரும் போகிறோம், நாளை இரண்டாம் சனிக்கிழமை இல்லை, காலண்டரில் பார்த்துவிட்டேன். இதோ, குக்கர் மூன்றாவது விசில், அடுப்பை அணைக்கப் போகிறேன். வரட்டுமா.