யாரும் குளிக்காத நேரம்தான் ஆபத்து: வீட்டு நீச்சல் குளமும் சின்னப் பிள்ளைகளும்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு பம்ப், பில்டர், குளோரின் அளவு எதுவும் கிடையாது. வீடியோவில் பாதி நேரம் இந்தக் கேட்டைத்தான் பார்க்கப் போகிறீர்கள். நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி, வேலியில் ஒரு கேட். இதற்கு ஒரு வீடியோவா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் குளம் வைத்திருப்பவர்களுக்கும் சரி, குளம் இருக்கிற வீட்டுக்குக் குழந்தையோடு விருந்துக்குப் போகிறவர்களுக்கும் சரி, இதைவிட அவசரமான விஷயம் என்னிடம் இல்லை.

குழந்தைகளின் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே, "பிள்ளைகள் குளிக்கும்போது நாங்கள் கரையிலேயே உட்கார்ந்திருப்போம்" என்பார்கள். உட்கார வேண்டியதுதான். ஆனால் சின்னப் பிள்ளைகள் வீட்டுக் குளத்தில் விழுவது பெரும்பாலும் குளிக்கிற நேரத்தில் இல்லை, குளத்தைப் பற்றி யாருமே நினைக்காத நேரத்தில். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1980-களில் இப்படிப்பட்ட விபத்துகளை எடுத்து ஆராய்ந்தது. எல்லாம் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களில் 69 சதவீதம் பேர் அந்த நேரத்தில் தண்ணீர்ப் பக்கம் இருப்பார்கள் என்று வீட்டில் யாரும் எதிர்பார்க்கவே இல்லை. 77 சதவீதம் பேர் கண்ணை விட்டு மறைந்து ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான் ஆகியிருந்தது. பெரும்பாலான குழந்தைகள் அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்தான்.

அந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறைத்தது. அக்கறை இல்லாத பெற்றோர் என்று யாரையோ ஒதுக்கிவைத்துவிட்டு, நமக்கு அப்படி நடக்காது என்று நகர்ந்துபோக முடியாது. ஃபோன் அடிக்கும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்று அப்பா நினைப்பார், அப்பாவோடு இருக்கிறான் என்று அம்மா நினைப்பாள். பையன் பின்கதவு வழியாக இறங்கிப் போயிருப்பான்.

விழுந்தால் சத்தம் கேட்காதா, குழந்தை கத்தாதா என்று கேட்பீர்கள். கேட்காது, கத்தாது. கத்துவதற்கு முதலில் மூச்சு வேண்டும். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த ஒரு நொடியில் உடம்பு காற்றைத்தான் இழுக்கப் பார்க்கும், குரல் எழுப்பாது. கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. கை இரண்டும் தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். ஃபிரான்செஸ்கோ பியா என்ற உயிர்காப்பாளர் 1970-களிலேயே மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து, இதை விவரமாக எழுதியிருக்கிறார். அவர் கணக்குப்படி இந்தப் போராட்டம் 20 முதல் 60 நொடிகள். சின்னக் குழந்தைக்கு அந்தக் குறைந்த அளவுதான். உடம்போடு ஒப்பிட்டால் தலை கனமாக இருப்பதால், எட்டிப் பார்க்கும்போதே தலைகுப்புறப் போய்விடும். நீங்கள் அடுத்த அறையில் டிவியை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் கேட்காது.

அதனால்தான் கண்காணிப்பை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன். நம் கண் தவறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, தவறும் நேரத்தில் குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஏதாவது நிற்க வேண்டும். அதுதான் இந்த வேலி.

வேலி என்றால் எது? பலர் வீட்டைச் சுற்றி இருக்கிற காம்பவுண்டு சுவரைக் காட்டி, "எங்கள் வீட்டில் சுவரே இருக்கிறதே" என்பார்கள். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தடுக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளை சுவருக்கு உள்ளேதானே இருக்கிறது? மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் வீடு, வீட்டிலிருந்து குளத்துக்கு நேராக ஒரு கண்ணாடிக் கதவு. இந்த அமைப்பைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், இதுதான் மோசமான அமைப்பும்கூட. குளத்தை வீட்டிலிருந்தும் பிரிக்கிற மாதிரி நான்கு பக்கமும் வேலி வேண்டும். மூன்று பக்க அமைப்போடு ஒப்பிட்டால், நான்கு பக்க வேலி இருக்கும் வீட்டில் குழந்தை மூழ்கும் அபாயம் 83 சதவீதம் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமே சொல்கிறது. குளத்துக்கென்று நாம் வாங்கிப் போடுகிற எந்தக் கருவிக்கும் இப்படி ஒரு கணக்கு நான் பார்த்ததில்லை.

உயரம் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நான்கடி. கம்பிக்குக் கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேலிக்கு அடியிலும் அப்படித்தான். குறுக்குக் கம்பிகளைக் கால் வைத்து ஏறுகிற மாதிரி வைத்தால் அது வேலி இல்லை, ஏணி. கொஞ்சம் இருங்கள், கேமராவைத் திருப்புகிறேன். இதோ, வேலியை ஒட்டி ஒரு பூந்தொட்டி, அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. வேலியைப் போட்டவர் நான்கடிக்குப் போட்டார். நாற்காலியைப் போட்டவர் அதை இரண்டரை அடியாக்கிவிட்டார். ஆஸ்திரேலியாவில் வேலியைச் சுற்றி 90 சென்டிமீட்டருக்கு ஏறுவதற்கு வசதியான எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்று விதியே வைத்திருக்கிறார்கள். பூந்தொட்டி, ஏசியின் வெளி யூனிட், பம்ப் பெட்டி, மரக்கிளை எல்லாமே அதில் அடங்கும்.

இப்போது கேட். வேலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கேட் சரியில்லை என்றால் எல்லாம் வீண். அது வெளிப்பக்கமாக, அதாவது குளத்தை விட்டு விலகித் திறக்க வேண்டும். அப்படி இருந்தால், குழந்தை சாய்ந்து தள்ளினாலும் மூடத்தான் செய்யும். கை விட்டதும் தானே மூட வேண்டும், மூடியதும் தானே தாழ் விழ வேண்டும். தாழைத் திறக்கிற குமிழ் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஒன்றரை மீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம் வாருங்கள். முழுசாகத் திறந்து விடுகிறேன். டக். கேட்டதா? தாழ் விழுந்துவிட்டது. எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது ஒரு சாண் மட்டும் திறந்து மெதுவாக விடுகிறேன். பாருங்கள், வந்து முட்டி நிற்கிறது. மூடிய மாதிரிதான் தெரிகிறது. ஒரு விரலால் தள்ளுகிறேன், திறந்துகொண்டது. முழுசாகத் திறந்தபோது வேகத்தில் மூடியது, கொஞ்சமாகத் திறந்தால் தாழைத் தள்ளுகிற அளவுக்கு ஸ்பிரிங்குக்குத் தெம்பு இல்லை. வீட்டுக்குள் போகிறவர் கேட்டை முழுசாகவா திறப்பார்? கையில் துண்டோடு ஒருக்களித்து நுழைவார். அப்படி நுழைந்த பிறகு கேட் இந்த நிலையில்தான் நிற்கும்.

சரி செய்வது பெரிய வேலை இல்லை. கீலுக்கு மேலே ஒரு சின்னத் திருகு இருக்கும், அதை ஸ்க்ரூடிரைவரால் ஒரு கட்டம் முறுக்கினால் ஸ்பிரிங் இறுகும். அப்படியும் விழவில்லை என்றால் கேட் தொங்கியிருக்கும், தாழின் நாக்கும் எதிர்ப்பக்கத்துத் துளையும் நேராக இருக்காது. மழைக்குப் பிறகு மண் இளகித் தூண் சாய்ந்தாலும் இப்படி ஆகும். மாதம் ஒரு தடவை இந்த ஒரு சாண் சோதனையைச் செய்தால் போதும்.

அப்புறம் அந்தச் செங்கல். கேட்டைத் திறந்தே வைக்கச் செங்கல், கயிறு, நாற்காலி என்று ஏதாவது ஒன்றை முட்டுக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். விருந்து நாளில் ஆட்கள் போக வர வசதியாக இருக்கட்டும் என்று வைப்பார்கள். பிள்ளைகள் அதிகமாக இருக்கிற நாளும் அதுதான்.

அலாரம் வைத்திருக்கிறேன், கவர் போட்டிருக்கிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரான்ஸில் 2003-இல் கொண்டுவந்த சட்டம் வேலி, அலாரம், பாதுகாப்புக் கவர், மூடு கூடாரம் என்ற நான்கில் ஏதாவது ஒன்று போதும் என்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீர் அலாரம் அடிக்கும்போது குழந்தை ஏற்கெனவே தண்ணீரில் இருக்கிறது. வேலிக்கு மேல் கூடுதலாக வையுங்கள், வேலிக்குப் பதிலாக வேண்டாம். கவரிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஓரமெல்லாம் பூட்டிக்கொண்டு ஆள் எடையைத் தாங்குகிற பாதுகாப்புக் கவர் வேறு, தண்ணீர் சூடாக இருக்க மேலே மிதக்கவிடுகிற குமிழ் ஷீட் வேறு. இரண்டாவதில் குழந்தை கால் வைத்தால் ஷீட் அதைச் சுருட்டி உள்ளே இழுத்து, மேலே மூடிக்கொள்ளும். கரையிலிருந்து பார்த்தால் குழந்தை உள்ளே இருப்பதே தெரியாது.

காற்றடிக்கிற சின்னக் குளம் வைத்திருப்பவர்கள், நமக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்காதீர்கள். அதன் ஓரம் மெத்தென்று இருக்கும், குழந்தை சாய்ந்தால் அமுங்கி உள்ளே தள்ளிவிடும். ஆஸ்திரேலியாவில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிற எந்தக் குளத்துக்கும் வேலி கட்டாயம். சின்னதாக இருந்தால் விளையாடி முடித்ததும் கொட்டிக் கவிழ்த்து வையுங்கள். ஏணி வைத்து ஏறுகிற பெரியதாக இருந்தால் ஏணியை எடுத்து உள்ளே பூட்டுங்கள். பந்து, வாத்து, மிதவைப் பொம்மை எதையும் தண்ணீரில் விடாதீர்கள். கரையில் நிற்கிற இரண்டு வயதுப் பிள்ளைக்கு, மிதக்கும் மஞ்சள் பொம்மை கையசைத்துக் கூப்பிடுவது மாதிரி.

குளிக்கிற நேரத்துக்கும் கொஞ்சம் சொல்கிறேன். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு ஆளை நியமியுங்கள், கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், மாற்றும்போது "இனி நீ பார்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஆள் கையில் ஃபோன் இருக்கக் கூடாது, மது குடித்திருக்கக் கூடாது. நீந்தத் தெரியாத சின்னப் பிள்ளை, பார்த்துக்கொள்கிற பெரியவர் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். நீச்சலுடை வெளிர்நீலம், வெள்ளை வேண்டாம், தண்ணீருக்குள் அது கண்ணில் படாது. பளிச்சென்ற ஆரஞ்சு வாங்குங்கள். கையில் மாட்டுகிற காற்றுப் பை விளையாட்டுச் சாமான், உயிர்காப்புச் சாமான் இல்லை.

நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டால் போதுமா என்று போன வீடியோவில் நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். கற்றுக்கொடுங்கள். ஒரு வயதிலிருந்தே தொடங்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது, அது அபாயத்தைக் குறைக்கவும் செய்கிறது. ஆனால் வகுப்பில் ஆசிரியர் பக்கத்தில், நீச்சலுடையில் நீந்துகிற மூன்று வயதுப் பிள்ளை, சட்டை செருப்போடு திடீரென்று விழுந்தால் அதே மாதிரி நீந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். நீச்சல் கற்ற பிள்ளை இருக்கிற வீட்டில்தான் கேட் திறந்து கிடப்பதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பழைய குளம் இருந்தால் அடியில் இருக்கிற வடிகால் மூடியை மறக்காதீர்கள். பம்ப் இழுக்கிற வேகத்தில் தலைமுடியோ உடம்போ ஒட்டிக்கொண்டால் பெரியவர்களாலும் பிரித்தெடுக்க முடியாது. 2002-இல் இப்படி ஒரு ஏழு வயதுச் சிறுமி இறந்த பிறகுதான், அமெரிக்காவில் 2007-இல் வடிகால் மூடிக்கென்று தனிச் சட்டமே வந்தது. மூடி உடைந்திருந்தால் மாற்றுகிற வரை யாரையும் இறக்காதீர்கள். பம்ப் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, நடந்தேவிட்டால் என்ன செய்வது. குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது குளத்துக்கு. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் அப்புறம் தேடலாம், அங்கே குழந்தை பத்து நிமிடம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

தூக்கி எடுத்ததும் தலைகீழாகப் பிடிப்பது, சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது எல்லாம் வேண்டாம். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக மேலே வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். மல்லாக்கப் படுக்க வைத்து மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் உடனே சிபிஆர், அதாவது மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கிற முதலுதவி. மூழ்கியவருக்கு வெறும் மார்பு அழுத்தம் மட்டும் போதாது, குறைந்துபோனது ஆக்ஸிஜன் என்பதால் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். முதலில் மூச்சு, அப்புறம் 30 அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி 30. மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிற அளவுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்த வேண்டும். இன்னொருவர் அந்த நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். தனியாக இருந்தால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே செய்யுங்கள். குழந்தை கண் திறந்து அழுதுவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத் திணறல் வரலாம்.

இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. பொம்மையை வைத்து நேரில் சொல்லித்தருகிற பயிற்சிக்கு, வீட்டில் பெரியவர் எல்லோரும் ஒரு நாள் போய் வாருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, நான் இந்தக் கீலை முறுக்கிவிட்டு, அந்த நாற்காலியையும் எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். உங்கள் வீட்டுக் கேட்டை ஒரு சாண் திறந்து விட்டுப் பாருங்கள். தாழ் விழவில்லை என்றால் கீலைக் கிட்டத்தில் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், எந்தத் திருகு என்று சொல்கிறேன்.